மருந்து இருந்தும் காசநோய் ஏன் போகவில்லை?

"காசநோயைக் குணப்படுத்தும் மாத்திரை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். அப்புறம் ஏன் உலகத்தில் இன்னும் இத்தனை பேர் இதில் சாகிறார்கள்? இப்போது வெளிநாட்டு நிதி வேறு நிற்கிறது என்கிறார்கள், அதனால் என்ன ஆகும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். காசநோய்த் திட்டத்தில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நோயின் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். ஒரே கிருமியால் வரும் நோய்களில் அந்த ஆண்டு இதைவிட அதிகம் பேரைக் கொன்றது வேறில்லை. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள். இந்தக் கணக்கில் என் மனதை எப்போதும் உறுத்துகிற எண் வேறொன்று. 1 கோடியே 8 லட்சம் பேரில் நோய் கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் 82 லட்சம் பேர்தான். மீதி 26 லட்சம் பேர் எங்கேயோ இருமிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போய்க்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அல்லது பதிவே இல்லாமல் எங்கோ வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த 26 லட்சத்துக்குள் இருக்கிறது.

நோயாளி தன்னைத் தேடி வருவார் என்று காத்திருந்த திட்டங்கள் எல்லாம் ஓர் இடத்தில் வந்து நின்றுபோயின. நோயாளி இருக்கும் இடத்துக்குப் போன திட்டங்கள்தான் நோயைக் குறைத்தன. எழுபது ஆண்டு வரலாற்றைப் பார்த்து நான் சொல்லக்கூடியது இதுதான். அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு பக்கம் நம் சென்னையில் எழுதப்பட்டது.

1950களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்து வந்துவிட்டது. 1952இல் ஐசோநயசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்துவிட்டது. ஆனால் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, மாதக்கணக்கில் ஓய்வு, முட்டை, பால், சுத்தமான காற்று என்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். தாம்பரத்தில் அப்படி ஒன்று 1928இலேயே தொடங்கியதால்தான் அங்கே ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறது. நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு இந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. அப்படியானால் ஒண்டுக் குடித்தனத்தில், அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருக்கும் ஏழைக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், நெரிசல் அதிகம், ஓய்வு குறைவு. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். நோயாளியோடு ஒரே அறையில் தூங்கிய குடும்பத்தாரைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவ வேண்டியது பரவியிருந்தது. தொடங்கியபின் பரவுவது வேகமாகக் குறைந்தது.

அந்த ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை சாத்தியம் என்ற எண்ணமே அதற்குப் பிறகுதான் வந்தது. அதே சேத்துப்பட்டு ஆட்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நிறையப் பேர் ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை. ஊழியர் கண் முன்னாலேயே மருந்து கொடுக்கும் முறைக்கு வித்து அங்கேயும் ஹாங்காங்கிலும்தான் விழுந்தது.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வதில்லை. ஒரு சித்தாள் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கும்போது இருமல், ராத்திரிக் காய்ச்சல், எடை 38 கிலோ. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டால் குமட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. அடுத்த மாத மாத்திரை வாங்க வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். மேஸ்திரி அடுத்த ஊரில் வேலை இருக்கிறது என்கிறார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று கிளம்பிவிடுகிறார். ஆனால் நுரையீரலில் மெதுவாக வளரும் கிருமிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவற்றை ஒழிக்கத்தான் ஆறு மாதம் சாப்பிடச் சொல்வது. ஐந்தாறு மாதம் கழித்து அவர் மறுபடி இருமிக்கொண்டு வரும்போது சில சமயம் பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமியோடு வருவார். "பொறுப்பில்லாத நோயாளி" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவது சுலபம். அவருக்கு அந்த ஒரு நாள் கூலியை ஈடுகட்ட யாரும் இல்லை என்பது அதில் வராது. காசநோய் வந்த குடும்பங்களில் சுமார் பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோயால் இழக்கின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் வந்த முடிவு. மாத்திரை இலவசமாக இருந்தும் இப்படி.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், இது பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனம் செய்தது. பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோய் உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, "உடம்புக்கு முடியவில்லை என்று எங்கே போனீர்கள்?" என்று விசாரித்தார்கள். 1963இல் வெளியானது. ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருந்தார்கள். அங்கே இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எந்தக் கூட்டத்தில் யார் பேசினாலும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். இன்றைக்கும் இந்தியாவில் பெரும்பாலோர் முதலில் போவது பக்கத்துத் தனியார் டாக்டரிடம் அல்லது மருந்துக்கடைக்கு. ஆன்டிபயாடிக் ஒரு சுற்று, அப்புறம் வேறொரு டாக்டர், இன்னொரு சுற்று. வாரங்கள் மாதங்களாகின்றன. தனியார் மருத்துவர்களும் காசநோயாளியைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு வந்ததே 2012இல்தான்.

உலக அளவிலான திட்டத்துக்கு வருவோம். கரேல் ஸ்டிப்லோ என்ற செக் மருத்துவர், நாஜிகளின் மவுத்தவுசன் வதைமுகாமில் இருந்தபோது தானே காசநோய்க்கு ஆளானவர். 1970களின் பிற்பகுதியில் தான்சானியாவில், மிகக் குறைந்த பணத்தில் நாடு முழுக்கக் காசநோய் சிகிச்சை நடத்த முடியும் என்று செய்து காட்டினார். நுண்ணோக்கியில் சளிப் பரிசோதனை, தட்டுப்பாடில்லாத மருந்து, ஊழியர் முன்னிலையில் மாத்திரை, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆயிற்று என்று கணக்குச் சொல்லும் பதிவேடு. கேட்க எளிதாக இருக்கும். அதற்கு முன்னால் பல நாடுகளில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரியும், எத்தனை பேர் குணமானார்கள் என்று தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 1993இல் காசநோயை உலக நெருக்கடி என்று அறிவித்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்த முறையை டாட்ஸ் என்ற பெயரில் எல்லா நாட்டுக்கும் கொண்டுபோனது. இந்தியாவில் 1997இல் தொடங்கி 2006க்குள் எல்லா மாவட்டமும் வந்துவிட்டது. அதனால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கில். இதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

குறையும் இருந்தது. நுண்ணோக்கி நிறைய நோயாளிகளைத் தவறவிடும். சளியில் கிருமி கொஞ்சமாக இருந்தால் தெரியாது. குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் அது பெரும்பாலும் உதவாது. சளி சேகரிப்பதே ஒரு கலை. டப்பாவைக் கையில் கொடுத்து "துப்பிட்டு வாங்க" என்று அனுப்பினால் வருவது எச்சில்தான். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும். அதையும் மூடிய கழிவறையில் செய்யாமல் திறந்தவெளியில், ஆள் இல்லாத பக்கமாகச் செய்ய வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. எச்சிலைச் சோதித்து "நோய் இல்லை" என்று சீட்டு வந்துவிடும்.

டாட்ஸின் பெரிய சறுக்கல் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். 1990களில் ஏழை நாடுகளுக்குச் சொல்லப்பட்டது, அந்தச் சிகிச்சை ரொம்பச் செலவு, உங்களால் முடியாது, சாதாரணக் காசநோயைப் பாருங்கள் என்பதுதான். பெருவின் தலைநகர் லிமாவின் விளிம்பில் கராபாயோ என்ற ஏழைக் குடியிருப்பில் பால் ஃபார்மர், ஜிம் யாங் கிம் என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு இதை ஏற்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்து, வீட்டுக்கு வீடு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோய் இரண்டு ஆண்டுகள் வரை சிகிச்சை கொடுத்தார்கள். நான்கு மாதமாவது சிகிச்சை பெற்றவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமானார்கள். பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதன்பிறகு மொத்தக் கொள்முதல் மூலம் அந்த மருந்துகளின் விலையும் சரிந்தது, கொள்கையும் மாறியது. அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி என்ற ஊர் காட்டியது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத, கடுமையான எதிர்ப்புள்ள கிருமி அங்கே 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்துவிட்டார்கள். 2006இல் உலகமே அதிர்ந்தது. அவர்களில் எச்ஐவி சோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் அது இருந்தது. பலருக்கு ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே தொற்றியிருந்தது. அதே தென்னாப்பிரிக்கா எச்ஐவி மருந்தைப் பரவலாகக் கொண்டுசேர்த்து, காசநோயை முன்கூட்டியே சோதித்து, 2015க்குப் பிறகு நோயைப் பாதிக்கும் மேல் குறைத்திருக்கிறது.

இப்போது எதிர்ப்புள்ள காசநோய்க்கும் நல்ல சிகிச்சை வந்துவிட்டது. முன்பு 18 முதல் 24 மாதம், அதில் பல மாதம் தினசரி ஊசி. பலருக்குக் காது கேட்காமல் போனது. பெடாகுலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நான்கும் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன் ஆய்வில் 89 விழுக்காட்டினர் நல்ல முடிவு பெற்றார்கள், பழைய முறையில் 52 விழுக்காடு. பெடாகுலினுக்குக் கூடுதல் காலக் காப்புரிமை கேட்ட நிறுவனத்தின் விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. எதிர்த்து மனு போட்டவர்களில் பழைய மருந்தால் காது போன இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். உலகம் முழுவதும் அந்த மாத்திரை மலிவானதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

சரி, அந்த 26 லட்சம் பேரை எப்படிப் பிடிப்பது? காசநோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருமலே இருக்காது என்று பல நாடுகளின் கணக்கெடுப்புகள் காட்டின. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று கேட்டு மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். வியட்நாமின் காமாவ் மாநிலத்தில் ஒரு குழு வேறு வழியில் போனது. அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சளி கேட்டு வாங்கி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் சோதித்தார்கள். நான்காம் ஆண்டில் அந்தப் பகுதிகளில் காசநோய், இப்படித் தேடாத பகுதிகளைவிட 44 விழுக்காடு குறைவாக இருந்தது. இன்றைக்குத் தோளில் மாட்டிப் போகும் எக்ஸ்ரே கருவியும், படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சந்தேகம் சொல்லும் வசதியும், ஜீன்எக்ஸ்பர்ட் போலவே கிருமியைத் தேடும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவியும் இருக்கின்றன. தெருமுனையில் முகாம் போட்டு அன்றைக்கே முடிவு சொல்ல முடியும். கருவி வாங்குவது பெரிய விஷயமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு குடிசைப் பகுதிக்கும் செங்கல் சூளைக்கும் சிறைக்கும் சுரங்கத்துக்கும் போக சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

அடுத்தது சாப்பாடு. காசநோய்க்கு வழிவிடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் ஊட்டச்சத்துக் குறைவுக்குத்தான். எச்ஐவி, சர்க்கரை நோய், புகை, மது எல்லாம் அதற்குப் பிறகு. சேத்துப்பட்டு ஆய்வு, மோசமான சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்யும் என்று நிரூபித்தது. அதை வைத்துக்கொண்டு சாப்பாடு முக்கியமில்லை என்று உலகம் அரை நூற்றாண்டு இருந்துவிட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதி, சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் வெளியானது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். ஒரு பகுதிக் குடும்பங்களில் கூட வசிப்பவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி ஒன்று இவ்வளவு செய்திருந்தால் உலகத் தலைப்புச் செய்தியாகியிருக்கும். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் கணிசமாகக் குறைவாக இருந்தது. இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. போதுமா என்றால் போதாது, அதுவும் தாமதமாகத்தான் கணக்கில் ஏறுகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆனாலும் திசை சரி.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" இதோடு நேரடியாகச் சேர்ந்தது. காசநோயில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். அதனால் நோய் தெரிந்த உடனேயே ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார். மோசம் என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். டாக்டர் பட்டம் வேண்டாத, லேப் வேண்டாத சோதனை. எல்லா மாநிலத்திலும் இதைச் செய்யலாம்.

தடுப்பு பற்றிச் சுருக்கமாக. பிசிஜி என்ற தடுப்பூசி 1921 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்கு மூளையிலும் உடல் முழுவதும் பரவும் காசநோயை அது தடுக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு காட்டியது. எம்72 என்ற புதிய தடுப்பூசி முந்தைய கட்ட ஆய்வில் ஏறத்தாழ 50 விழுக்காடு பலன் தந்தது. 2024 முதல் பெரிய அளவில் சோதிக்கிறார்கள். அதுவரை வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களைச் சோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள், குறிப்பாகச் சின்னக் குழந்தை இருந்தால்.

கடைசியாக, பணம். உலகத் தலைவர்கள் ஐ.நா.வில் ஒப்புக்கொண்ட இலக்கு 2027க்குள் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர். 2023இல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் உண்மையில் கிடைத்தது 570 கோடி டாலர். இதில் பெரும்பகுதி இந்தியா, பிரேசில், சீனா போன்ற நாடுகள் தம் கஜானாவிலிருந்து போட்டது. ஆகவே அமெரிக்கா 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது இந்தியாவின் மாத்திரைக் கையிருப்பை நேரடியாகத் தொடாது. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளின் கதை வேறு. காசநோய்க்கு உலகத்தார் கொடுத்த உதவியில் சுமார் பாதி அமெரிக்கப் பணம். சளி டப்பாவை மோட்டார் பைக்கில் ஆய்வகத்துக்கு எடுத்துப்போகிறவர், வீட்டுக்குப் போகும் ஊழியர், இவர்கள் சம்பளம் பல இடங்களில் அதிலிருந்துதான் வந்தது. முதலில் அவர்கள்தான் வேலையிழந்தார்கள். அலமாரியில் மாத்திரை இருக்கும், அதைக் கொண்டுசேர்க்க ஆள் இருக்காது.

இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறது, அதுவும் பணக்கார ஊரில். நியூயார்க் நகரம் 1970களிலும் 80களிலும் காசநோய் முடிந்துவிட்டது என்று நினைத்துச் செலவை வெட்டியது. கிளினிக்குகள் மூடப்பட்டன, ஊழியர்கள் போனார்கள். 1988இல் ஹார்லம் மருத்துவமனையிலிருந்து மாத்திரையோடு அனுப்பப்பட்ட 178 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 89 விழுக்காட்டினர் சிகிச்சையை முடிக்கவில்லை. வீடில்லாதவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், சிறையில் இருந்தவர்கள் என்று நோய் பரவி 1992இல் நகரத்தில் 3,800க்கு மேல் நோயாளிகள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே பரவியது. பிறகு டாம் ஃப்ரீடன் என்ற மருத்துவர் தலைமையில் ஊழியர்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, பாலத்தடியிலும் பூங்காவிலும் தேடிப்போய் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் நோயாளிகள் எண்ணிக்கை 21 விழுக்காடு இறங்கியது. அந்த ஃப்ரீடன்தான் அடுத்து இந்தியாவுக்கு வந்து இங்கே டாட்ஸ் பரவ உதவினார். வெட்டிய செலவைத் திரும்பச் சரிக்கட்ட நியூயார்க்குக்கு ஆன மொத்தச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். நியூயார்க்கிடம் அந்தப் பணம் இருந்தது. மலாவியிடமோ மொசாம்பிக்கிடமோ அது இல்லை.